தங்கக் கேசட்டுக்கு எத்தனை மாற்று?

பாய் முதலில் சொன்ன விலை 25,000 ரூபாய். கடைசியில் நான் கொடுத்தது 3,800. நடுவில் மூன்று சனிக்கிழமைகளும் ஏழெட்டு டீயும் என் சட்டைப் பையிலிருந்த ரெனால்ட்ஸ் பேனா ஒன்றும் செலவு. வாங்கியது ஒரு வீடியோ கேம் கேசட். ‘தி லெஜெண்ட் ஆஃப் ஸெல்டா’. நின்டெண்டோ கம்பெனி 1987-இல் அமெரிக்காவில் விட்ட தங்க நிறக் கேசட்.

எனக்கு நகை மதிப்பீட்டாளர் வேலை. வேலூரில் ஒரு வங்கிக் கிளையில் அடகுக்கு வரும் நகையை உரைத்துப் பார்த்து, கல்லுக்கும் அரக்குக்கும் கழித்து, எடை சொல்லிக் கையெழுத்துப் போடுவது. பத்தொன்பது வருஷமாக இதே நாற்காலி. அதனால் இந்த மதிப்புரையில் கேம் விளையாட்டு கொஞ்சமாகவும் விலைப் பேச்சு நிறையவும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடை லாங்கு பஜாரிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பலகையில் பெயர் வெயிலில் வெளுத்துப் போய்விட்டது. கேட்டால் ரேடியோ ரிப்பேர் பாய் என்று காட்டிவிடுவார்கள். உள்ளே இரண்டு பேர் நிற்கலாம், மூன்றாவது ஆள் வந்தால் ஒருவர் வெளியே போக வேண்டும். கூண்டு கழன்ற சுவர் ஃபேன், பழைய பிக்சர் டியூப் டிவிகள், டேப் ரெக்கார்டர்கள், ஒரு கூடை நிறைய ரிமோட், ஈயம் உருகும் வாசனை. ஆஸ்பத்திரிக்கு வந்து மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கும் வங்காளக் குடும்பங்கள் சார்ஜரும் இண்டக்ஷன் அடுப்பும் ரிப்பேருக்குக் கொண்டுவருவதால் பாய் நன்றாகவே வங்காளி பேசுகிறார். என்னோடு தமிழ், உள்ளே மகனோடு உருது, வாசலில் நிற்பவரோடு வங்காளி, ஒரே மூச்சில்.

நான் போனது என் டிஜிட்டல் தராசின் அடாப்டர் கருகிவிட்டது என்று. அவர் அதைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கண்ணாடி அலமாரியில் ரிமோட்டுகளுக்கு நடுவே அந்த நிறம் தெரிந்தது. என் கண் அங்கேதான் போகும், தொழில் அப்படி. எடுத்துப் பார்த்தேன். பிளாஸ்டிக். நம்மூர் டிவி கேம் கேசட்டைப் போல இரண்டு மடங்கு உயரம். மேலே கேடயம் போட்ட ஸ்டிக்கர், அதன் மேல் இவர் ஒட்டிய விலைச் சீட்டு.

“அது இன்னான்னு தெரியுமா சார்? அமெரிக்காவுல ஆறு கோடிக்கு மேல போயிருக்கு. பையன் செல்லுல காட்டினான். நான் உங்களுக்கு இருபத்தஞ்சுக்குத் தரேன்.”

“இருபத்தஞ்சு ரூபாயா பாய்?”

“ஆயிரம் சார்.”

அவர் சொன்னது பொய் இல்லை. 2021 ஜூலையில் டல்லாஸ் நகரத்து ஏல நிறுவனமான ஹெரிடேஜ் இதே விளையாட்டின் ஒரு பிரதியை 8,70,000 டாலருக்கு விற்றது. அன்றைய கணக்கில் சுமார் ஆறரைக் கோடி ரூபாய். ஒரு வீடியோ கேமுக்கு அதுவரை கொடுக்கப்பட்டதில் அதுதான் உச்சம். இரண்டே நாளில் அதையும் ‘சூப்பர் மாரியோ 64’ 15,60,000 டாலருக்குப் போய் முறியடித்தது. ஆனால் பாயின் மகன் காட்டிய வீடியோவில் ஓடிப்போன ஒரு விஷயம் உண்டு. ஏலத்துக்குப் போனது கேசட் அல்ல, பெட்டி. கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறை கிழியாத பெட்டி. அதிலும் 1987 கடைசியில் சில மாதங்கள் மட்டும் வந்த ஆரம்ப அச்சு. தர மதிப்பீடு செய்யும் வாட்டா என்ற கம்பெனி அந்தப் பெட்டிக்குப் பத்துக்கு 9.0 மதிப்பெண்ணும் உறைக்குத் தனியாக ‘ஏ’ என்றும் போட்டு, கண்ணாடி மாதிரி ஒரு கூட்டுக்குள் அடைத்து வைத்திருந்தது.

இதை நான் ஹால்மார்க்கோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒத்து வரவில்லை. 916 என்று முத்திரை குத்தினால் உள்ளே எவ்வளவு தங்கம் என்று அர்த்தம். உருக்கினாலும் அது அங்கே இருக்கும். குடியாத்தத்தில் விற்றாலும் கும்பகோணத்தில் விற்றாலும் அன்றைய கிராம் விலை கிடைக்கும். வாட்டா போடும் மதிப்பெண் பெட்டியின் மூலை மழுங்கியிருக்கிறதா, உறையில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் சொல்கிறது. உள்ளே கேசட் வேலை செய்யுமா என்று யாரும் போட்டுப் பார்க்கப் போவதில்லை. போட்டுப் பார்த்த நொடியே ஆறரைக் கோடி போய்விடும்.

சரி, வெறும் கேசட்டுக்கு என்ன விலை? அமெரிக்காவில் முப்பது நாற்பது டாலருக்குள் கிடைக்கிறது, அதாவது நம் காசில் மூவாயிரத்துக்கு முன்னே பின்னே. அட்டைப் பெட்டி, கையேடு, மடித்து வைத்த வரைபடம் எல்லாம் சேர்ந்து வந்தால் அதைப் போல இரண்டு மூன்று பங்கு. காரணம் எளிது. உலகம் முழுக்க 65 லட்சத்துக்கு மேல் விற்ற விளையாட்டு இது. அபூர்வம் என்று சொல்ல வழியே இல்லை. அபூர்வமாகிப் போனது பிரிக்காத உறைதான். அதற்கும் ஒரு தந்திரம் செய்திருந்தார்கள். பெட்டியின் மூலையில் ஒரு துண்டு வெட்டி விட்டு, அதன் வழியாக உள்ளே இருக்கும் தங்க நிறம் தெரியும்படி வைத்தார்கள். அதைப் பார்த்த பிறகு பிரிக்காமல் எந்தப் பிள்ளை இருக்கும்? வாங்கிய அன்றே கிழித்துவிட்டார்கள். கிழிக்காமல் பரணில் போட்டு மறந்தவன் யாரோ, அவனுக்குத்தான் யோகம்.

இதையெல்லாம் பாயிடம் சொன்னேன். அவர் அடாப்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், “அப்போ பெட்டி இல்லாததுக்கு நீங்க எவ்ளோ கழிக்கிறீங்க?” என்றார். ஆறரைக் கோடியில் தொடங்கி 25,000-க்கு இறங்கி வந்தவர் தன் கணக்குக்குத் தாராளமாகக் கழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார். அடகுக் கவுண்டரில் எனக்கு இது தினம் நடக்கிற பேச்சு. “செய்கூலி மட்டும் இவ்வளவு கொடுத்தோம் சார்” என்பார்கள். அந்தக் கூலி போனது போனதுதான் என்று எப்படிச் சொன்னாலும் முகம் வாடும்.

அப்புறம் நான் ஒன்று கேட்டேன். “இது வந்து எவ்வளவு நாளாச்சு பாய்?” இரண்டு வருஷமாம். வெளிநாட்டு டாக்டர் குடும்பம் ஒன்று ஊர் திரும்பும்போது போட்டுவிட்டுப் போன சாமான்களோடு கை மாறி மாறி வந்தது. இரண்டு வருஷத்தில் எத்தனை பேர் கேட்டார்கள்? யாரும் இல்லை. அதே அலமாரியில் மஞ்சள் நிறத்தில் ‘9999 இன் 1’ கேசட்டுகள் அடுக்கியிருந்தன. ஒன்று 150 ரூபாய். அன்று நான் இருந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் இரண்டு போயின.

என் கணக்கில் மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது. தொண்ணூறுகளில் இந்த ஊரில் மணிக்கு ஐந்து ரூபாய் கொடுத்து டிவி கேம் ஆடிய கூட்டத்தில் நானும் ஒருவன். காண்ட்ரா, மாரியோ, டாங்கி, எக்ஸைட்பைக் எல்லாம் விரல் நுனியில். ஸெல்டாவை நாங்கள் யாரும் பார்த்ததே கிடையாது. எனக்குத் தோன்றும் காரணம் இது. ஜப்பானில் 1986 பிப்ரவரியில் இது வந்தபோது கேசட்டாக வரவில்லை, ஒரு தனிப் பெட்டியில் செருகும் டிஸ்காக வந்தது. அங்கே கேசட்டாக வந்தது 1994-இல்தான். நம் கைக்கு வந்த டிவி கேம் பெட்டிகளோ ஜப்பான் மாடலைப் பார்த்து அடித்த நகல்கள். அவற்றில் ஓடியதும் ஜப்பான் மாடல் கேசட்டின் நகல்கள். அதோடு இந்த விளையாட்டு ஒரு உட்காரலில் முடியாது, பாதியில் நிறுத்திச் சேமித்து வைக்க உள்ளே பேட்டரி வேண்டும். 150 ரூபாய் கேசட்டில் யார் பேட்டரி வைப்பார்கள்? அமெரிக்காவில் 1987-இல் பத்து வயதாக இருந்த பையனுக்கு இப்போது நாற்பத்தெட்டு, ஐம்பது வயது, கையில் நல்ல சம்பளம். அவன் தன் பத்து வயதை விலை கொடுத்து வாங்குகிறான். என்னிடம் யாராவது உறை பிரிக்காத காண்ட்ரா கேசட்டைக் காட்டினால் நானும் கொஞ்சம் தடுமாறுவேன். வேலூரில் ஸெல்டாவுக்காகத் தடுமாற ஆள் இல்லை.

சின்ன வயதில் அப்பா என்னைப் பொய்கை மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப்போவார், செவ்வாய்க்கிழமை காலையில். தரகரும் வாங்குகிறவரும் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. ஒரு மாட்டுக்குக் கிடைத்த விலையைச் சொல்லி அடுத்தவன் தன் மாட்டுக்குக் கேட்க முடியாது. டல்லாஸில் எல்லாம் திறந்தவெளி, அந்த எண் உலகம் சுற்றி வந்து லாங்கு பஜார் சந்தில் ஒரு அலமாரியில் ஒட்டிக்கொண்டது. துண்டு போட்டு மூடியிருந்தால் பாய் எனக்கு முதல் நாளே 2,000-க்குக் கொடுத்திருப்பார்.

முதல் சனிக்கிழமை பேச்சு 12,000-இல் நின்றது. அடாப்டருக்கு 180 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குக் குறை சொல்ல முடியாது, இன்றுவரை சூடாகவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை நான் தயாராகப் போனேன். இந்த அமெரிக்கக் கேசட்டின் பல்வரிசையில் 72 பின், நம்மூர் பெட்டிகளில் 60. நடுவில் மாட்ட ஒரு கன்வெர்ட்டர் ஆன்லைனில் 600 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன். பாய் தன்னிடமிருந்த பழைய டிவி கேம் பெட்டியில் மாட்டி, ஒரு பிக்சர் டியூப் டிவியில் போட்டார். நின்டெண்டோவின் அசல் பெட்டியில் பூட்டு மாதிரி ஒரு சில்லு உண்டு, ஒத்துப்போகாத கேசட்டைப் போட்டால் ஓட விடாது. நகல் பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை. அருவி விழும் படம் வந்தது, பாட்டு வந்தது. வாசலில் சார்ஜருக்காக நின்றிருந்த வங்காளக்காரர் கூட எட்டிப் பார்த்தார்.

அடுத்த திரையில்தான் எனக்கு உள்ளங்கை வேர்த்தது. சேமித்து வைத்தவர்களின் பெயர்ப் பட்டியல். மூன்று இடம் உண்டு, மூன்றிலும் பெயர். மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். பக்கத்தில் இதயங்களின் வரிசை, பெயருக்குக் கீழே எத்தனை தடவை செத்தார்கள் என்ற எண். முதல் பெயர் நான்கு எழுத்து, 147 தடவை செத்திருந்தான். அவ்வளவு வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சின்னப் பேட்டரி உயிரோடு இருந்தது.

“பேட்டரி மாத்திடலாம் சார், இல்லாட்டி என்னைக்காவது போயிடும்” என்றார் பாய். மாற்றினால் பெயர்கள் அழிந்துவிடுமே என்றேன். அவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே படவில்லை. எனக்குப் பட்டது. ஏலத்துக்குப் போகும் நகைகளில் உள்பக்கம் பெயர் வெட்டியது வரும். கல்யாணத் தேதி வரும். நான் அதைப் படித்துவிட்டு எடையை மட்டும் எழுதுவேன். வேறு வழி கிடையாது. இங்கே வழி இருந்தால் பார்க்கலாமே என்று தோன்றியது. கொஞ்ச நேரம் யோசித்தவர், “ரிச்சி தெருவுலேர்ந்து காது வச்ச பேட்டரி வரவைக்கிறேன், அடுத்த வாரம் வாங்க” என்றார். அந்த வாரம் விலை 6,000-க்கு இறங்கியது. பெயர்களை யோசித்ததில் அவருக்கும் கோடி மறந்திருக்கும்.

மூன்றாவது சனிக்கிழமை நடந்ததைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். கேசட்டை மூடியிருக்கும் திருகாணிக்குச் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் பிடிக்காது. தலை வெளியே பல் வைத்த மாதிரி, ஒரு குழிக்குள் இருக்கும். அதற்கென்று தனிக் கருவி விற்கிறது, பாயிடம் இல்லை. என் பையிலிருந்த பேனாவைக் கேட்டார், கையெழுத்துக்கு என்று நினைத்துக் கொடுத்தேன். குழாயை வெட்டி, நுனியை லைட்டரில் காட்டி, இளகியதும் குழிக்குள் வைத்து அழுத்தி, ஃபேனுக்கு நேரே இரண்டு நிமிஷம் பிடித்தார். பிளாஸ்டிக் இறுகியதும் திருகாணித் தலையின் அச்சு அதில் பதிந்துவிட்டது. மெதுவாகத் திருப்பினார். கழன்று வந்தது.

உள்ளே பச்சைப் பலகை. நின்டெண்டோ பெயர் அச்சடித்திருந்தது. நான் லென்ஸை எடுத்துப் பார்த்தேன், ஏனென்றால் இதிலும் போலி வருகிறது. பெரிய சில்லுகள், ஒரு ஓரத்தில் சி.ஆர். 2032 பேட்டரி, நம் வீட்டு எடை மெஷினில் போடுகிற அதே வட்டம். ஆனால் இதில் தகட்டுக் காதுகளை வெல்டு வைத்துப் பலகையோடு பற்றவைத்திருக்கிறார்கள். மீட்டரில் 2.6 வோல்ட் காட்டியது. மூன்று இருக்க வேண்டும்.

பாய் இரண்டு பென்சில் செல்லை ஒரு கூட்டில் போட்டு, அதாவது மூன்று வோல்ட், அதிலிருந்து இரண்டு ஒயரை எடுத்துப் பழைய பேட்டரியின் இரண்டு பக்கமும் தற்காலிகமாகப் பற்றவைத்தார். பிறகு பழையதை எடுத்தார். அந்தப் பத்து நிமிஷமும் அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் இரண்டு பென்சில் செல்லின் தயவில் இருந்தன. மகன் டீ வாங்கி வந்து வாசலிலேயே நின்றான், மேஜை ஆடக்கூடாது என்று. புதிய பேட்டரி ஏறியதும் ஒயரைக் கழற்றினார், மூடினார், பெட்டியில் செருகினார்.

மூன்றில் இரண்டு பெயர் இருந்தது. மூன்றாவது இடம் காலி. “ஒயர் ஒரு தடவை ஆடிடுச்சி சார்” என்று அவரே சொன்னார். ஆடியதை நான் பார்க்கவில்லை, சொல்லாமல் விட்டிருக்கலாம். 147 தடவை செத்தவன் தப்பித்துவிட்டான். கூலி, பேட்டரி எல்லாம் சேர்த்து 3,800 என்று முடிந்தது. அமெரிக்க விலையைவிடக் கொஞ்சம் கூடத்தான். அங்கிருந்து வரவழைத்தால் தபாலும் சுங்கமும் ஆகும் என்பதால் எனக்கு வருத்தமில்லை.

குறை உண்டு. விலைச் சீட்டைப் பாய் நகத்தால் உரித்தபோது அசல் ஸ்டிக்கரின் ஒரு மூலையும் கூடவே வந்துவிட்டது. சேகரிப்பவர் கண்ணில் அது தழும்பு, நூறு இருநூறு ரூபாயாவது குறையும். தின்னர் நனைத்த துணியோடு மீதியைத் துடைக்க வந்தவரை நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். ரசீது கிடையாது. கார்டு வாங்க மாட்டார், மகன் இருந்தால்தான் ஜி-பே.

விளையாட்டு எப்படி என்று என் மகள் எழுதச் சொல்கிறாள். ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், யாரும் வழி சொல்ல மாட்டார்கள். பக்கவாட்டில் 16, மேல்கீழாக 8 என்று மொத்தம் 128 திரை அளவுக்கு ஒரு நிலம். அதற்குள் ஒன்பது சுரங்கங்கள். எந்தப் புதரை எரித்தால் படி தெரியும், எந்தப் பாறையில் குண்டு வைத்தால் கதவு திறக்கும் என்பது ஆடித்தான் தெரிய வேண்டும். நாங்கள் ஒரு பழைய டைரியில் கட்டம் போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறோம், இதுவரை 71 கட்டம். முயல் காது வைத்த ஒரு ஜந்து வருகிறது. ஜப்பானில் இரண்டாவது கன்ட்ரோலரில் மைக் இருந்தது, அதில் கத்தினாலே அது செத்துவிடும். அமெரிக்கப் பெட்டியில் மைக்கே கிடையாது. ஆனால் அதற்குச் சத்தம் ஆகாது என்ற குறிப்பு மட்டும் கையேட்டில் அப்படியே தங்கிவிட்டது. அமெரிக்கப் பிள்ளைகள் டிவி முன்னால் எவ்வளவு கத்தினார்களோ. அம்பு விட்டால் போதும் என்று எங்களுக்கே நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. காலியான மூன்றாவது இடத்தில் மகள் தன் பெயரைப் போட்டிருக்கிறாள். 62 தடவை செத்திருக்கிறாள்.

நிறுத்தும்போது ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவரை அணைக்க வேண்டும், மறந்தால் சேமித்தது போகலாம். வாங்குகிறவர்கள் இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கடை வெள்ளிக்கிழமை மதியம் இருக்காது. மற்ற நாளில் நாலு மணிக்கு மேல் போனால் சந்தில் வெயில் இறங்கியிருக்கும். கேசட் எதையாவது பிரிக்க வேண்டி வந்தால் மை தீர்ந்த பேனா ஒன்று கொண்டுபோங்கள். நான் கொடுத்தது அன்று காலையில்தான் வாங்கியது, அதை அவர் விலையில் கழிக்கவில்லை.